முப்பத்தொன்றுக்கு எத்தனை மதிப்பெண்

முப்பத்தொன்றாம் எண் விண்ணப்பத்தைத் திறந்தபோது மணி ஒன்று நாற்பது. குக்கர் மூன்று விசில் கொடுத்ததா நான்கா என்று கோகிலவாணிக்குக் குழப்பம். நான்கு என்றே வைத்துக்கொண்டு எழுந்துபோய் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். வீட்டில் ஒரு ஈ காக்கை இல்லை. கணவன் குமரவேலும் மகள் தன்யாவும் அன்னூரில் காதுகுத்துக்குப் போயிருந்தார்கள், இவள் மட்டும் விண்ணப்பம் படிக்க வேண்டும் என்று சாக்குச் சொல்லித் தங்கிவிட்டாள். சாக்கு என்றாலும் பொய் இல்லை. அடுத்த மாதம் கோவையில் நடக்கிற மென்பொருளாளர் மாநாட்டில் பேசுகிறேன் என்று ஐம்பத்தாறு பேர் எழுதிப் போட்டிருந்தார்கள், இடம் இருப்பதோ பன்னிரண்டு பேருக்கு. மாநாடு என்றால் வானத்திலிருந்து குதித்த மாநாடு இல்லை, ஒரு கல்லூரி அரங்கம், முந்நூறு நாற்காலி, மதியம் தக்காளி சாதம், ஆளுக்கு ஒரு துணிப்பை. ஆனால் அந்தப் பன்னிரண்டு இடத்துக்கு அடிதடி. ‘நான் எப்படி ஆறே மாதத்தில் எல்லாவற்றையும் கற்றேன்’ என்று நாலு பேர், ‘செயற்கை நுண்ணறிவும் நம் எதிர்காலமும்’ என்று பதினோரு பேர், அதில் இரண்டு பேருக்கு எழுத்துக்கு எழுத்து ஒரே வாக்கியம், அதை எந்த நுண்ணறிவு எழுதிக் கொடுத்தது என்று கேட்கவே வேண்டாம். தேர்வுக் குழுவில் ஒன்பது பேர். ஒரு விண்ணப்பத்தை மூன்று பேர் படித்து ஒன்றிலிருந்து ஐந்து வரை மதிப்பெண் போட வேண்டும், நாலு மணியோடு சரி. எழுதியவர் யார் என்று படிப்பவருக்குக் காட்ட மாட்டார்கள், படிப்பவர் யார் என்று எழுதியவருக்கும் காட்ட மாட்டார்கள். சொந்தக்காரன், சாதிக்காரன், கூட வேலை பார்த்தவன் என்று யாரும் தூக்கிவிடக் கூடாது பாருங்கள். போன வருஷம் கூட்டத்தில் கையைத் தூக்கி இந்த விதியைக் கொண்டுவந்தவளே கோகிலவாணிதான். அதற்குக் கைதட்டுகூட வாங்கினாள்.

தலைப்பு சாதாரணமாகத்தான் இருந்தது, ‘பதிவேடு யாரைப் பார்த்தது’. சர்வர் எழுதி வைக்கும் பதிவேடுகளைப் பற்றி ஏதோ சொல்லப்போகிறார், மூன்று போட்டுவிட்டுச் சாப்பிடப் போகலாம் என்றுதான் ஆரம்பித்தாள். “எங்கள் அலுவலகத்தின் வாசல் கதவு தானாகப் பூட்டிக்கொள்ளும், அட்டையைக் காட்டினால்தான் திறக்கும். சாப்பாட்டு நேரத்தில் அந்தத் தொல்லை வேண்டாம் என்று காலித் தண்ணீர் கேனை முட்டுக்கொடுத்து வைப்போம். ஆகையால் பகல் ஒன்றிலிருந்து இரண்டு வரை யார் உள்ளே, யார் வெளியே என்பதற்குப் பதிவே கிடையாது.” இந்த இடத்தில் கோகிலவாணி சிரித்தாள். எல்லா ஆபீசிலும் இதே கூத்துத்தான் போலிருக்கிறது, பீளமேட்டில் நாங்களும் கேனைத்தான் வைத்தோம், நீலக் கேன், கழுத்தில் விரிசல் விட்டது, என்று நினைத்துக்கொண்டே அடுத்த வரிக்குப் போனவள் அங்கேயே நின்றாள். “அந்த ஒரு மணி நேரத்தில் என் பெயரில் நுழைந்து ஒரு டேபிள், ஒரு முழுத் தகவல் அட்டவணை, அழிக்கப்பட்டது. நாற்பத்தோராயிரம் பேருடைய விவரம். பதிவேடு பொய் சொல்லவில்லை. அதற்குப் பெயர் தெரியும், ஆளைத் தெரியாது.” நாற்பத்தோராயிரம். நாற்பத்தோராயிரம் என்பது எங்கேயும் வரக்கூடிய எண்தான், இந்த ஊரில் டேபிளை அழிக்காத ஆபீஸ் எது, என்று மனசு ஒரு பக்கம் சமாதானம் சொல்லச் சொல்ல, இன்னொரு பக்கம் கை தானாக மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டது. அப்போது அவள் உட்கார்ந்திருந்த நாற்காலி ஒரு விரல்கடை கீழே இறங்கியது. அந்த நாற்காலி கொஞ்ச நாளாகவே அப்படித்தான், உள்ளே காற்று போய்விட்டது, உட்கார்ந்தால் பொறுமையாக இறங்கிக்கொண்டே இருக்கும், சரி பண்ணித் தருகிறேன் என்று குமரவேல் பொங்கலிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறான். தெரிந்த விஷயம்தான். அடுத்த பத்தியைப் படித்தாள். “நான் சாப்பிட்டு வந்து உட்கார்ந்தபோது என் நாற்காலி நாலு விரல் தாழ்ந்திருந்தது. முழங்கால் மேலே தூக்கிக்கொண்டு நின்றது. இதை நான் அன்று யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவர் சொல்வார் என்று இருந்தேன்.”

மயில்சாமி ஆறடி. உடுமலைப்பேட்டைக்காரன், பழைய பீளமேட்டு ஆபீசில் எல்லோருக்கும் மயிலு, காலை மடக்கி வைக்க இடமில்லாமல் மேஜைக்கு அடியில் எப்போதும் ஒரு பக்கமாகச் சாய்ந்துதான் உட்காருவான். கோகிலவாணி நாலே முக்காலடி. அந்த ஆபீசில் வேறு யாரும் அவ்வளவு குள்ளம் கிடையாது, கூட்டிப் பெருக்க வந்த ராஜாமணியம்மாகூட இவளைவிட ஒரு பிடி உயரம். பதினோரு வருஷமாக இவள் எதையெல்லாமோ நினைத்து நினைத்து மூடி வைத்திருந்தாள். யாரும் பார்க்கவில்லை, சரி. கேமரா கிடையாது, சரி. சாவிப்பலகையில் விரல் தடம் எடுக்கிற கம்பெனி இல்லை, அதுவும் சரி. நாற்காலியை மட்டும் ஒரு தடவைகூட நினைக்கவில்லை. கால் தரையில் படவில்லை என்று பக்கத்துப் பிடியைத் தூக்கியதும் புஸ்ஸென்று நாற்காலி இறங்கியதும் இப்போதுதான், இந்த நிமிஷத்தில்தான், ஞாபகத்துக்கு வந்தது. அப்படியானால் அவனுக்குத் தெரியும். திரும்பி வந்து உட்கார்ந்த அந்த நொடியே தெரியும். இரண்டரை மணிக்கு மேனேஜர் பதிவேட்டை அச்சடித்து எடுத்துவந்து எல்லோர் முன்னாலும் நீட்டியபோது தெரியும், “நான் சாப்பிடப் போயிருந்தேனுங்க” என்று ஒரே வாக்கியத்தை மூன்று தடவை சொன்னபோது தெரியும், “போனதுக்கு என்ன சாட்சி?” என்று அவர் கேட்டபோது அவன் அறையைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தானே, அது தண்ணீர் கேனைப் பார்த்த பார்வை என்று இவள் இத்தனை நாளாக நினைத்துக்கொண்டிருந்தாள். கேனுக்குப் பின்னால் இவள்தான் நின்றிருந்தாள்.

வேண்டுமென்று செய்ததா என்ன. அவளுடைய கம்ப்யூட்டரில் அப்டேட் ஓடிக்கொண்டிருந்தது, நகரவே இல்லை, மயிலுவுடையது திறந்து கிடந்தது, சோதனைச் சர்வரில் கிடந்த போலிப் பெயர்களைத் துடைத்தால் சாப்பிடப் போய்விடலாம், இரண்டு நிமிஷ வேலை. எல்லோரும் ஒருத்தர் சீட்டில் ஒருத்தர் உட்காருவதுதான் வழக்கம். அசல் சர்வரின் ஜன்னல் என்றால் சிவப்புப் பின்னணி வைக்க வேண்டும், சோதனை என்றால் கறுப்பு, அது அந்த ஆபீசின் சட்டம், குருடன்கூடத் தப்பு பண்ண மாட்டான் என்று மேனேஜர் பெருமையாகச் சொல்வார். மயிலு சிவப்பு கண்ணை உறுத்துகிறது என்று இரண்டையும் கறுப்பாக்கி வைத்திருந்தான். சோதனை என்று நினைத்து அவள் துடைத்தது அசலை. ஆக, தப்பு அவன் பேரிலும் இருக்கிறது. இந்த வாக்கியத்தைப் பதினோரு வருஷத்தில் எத்தனை ஆயிரம் தடவை சொல்லிக்கொண்டிருப்பாள், பல் தேய்க்கும்போது, சிக்னலில் நிற்கும்போது, தன்யாவுக்குப் பின்னல் போடும்போது. தப்பு அவன் பேரிலும் இருக்கிறது. பாதி தப்பு அவனுடையது என்றே வைத்துக்கொண்டாலும் மிச்சப் பாதிக்கு யார் வேலையை விட்டுப் போனார்கள் என்று அடுத்த கேள்வி வரும், அங்கே மனசு முள்ளில் மாட்டிய துணி மாதிரி நின்றுவிடும், பிறகு முதலிலிருந்து ஆரம்பிக்கும், கம்ப்யூட்டரில் அப்டேட், திறந்து கிடந்த சீட், கறுப்பு ஜன்னல். அவளுக்கு அப்போது புரொபேஷன், மூன்றாம் மாதம். அப்பா படுக்கையில். வாயைத் திறந்திருந்தால் அன்றைக்கே வீட்டுக்குப் போயிருப்பாள், அதில் சந்தேகமில்லை. அதனால் திறக்கவில்லை. வெள்ளிக்கிழமை மயில்சாமி தன்னுடைய டம்ளரையும் ஒரு ஸ்வெட்டரையும் எடுத்துக்கொண்டு போனான், எல்லோரிடமும் வரேனுங்க என்றான், இவளிடமும் அதே வரேனுங்கதான், ஒரு எழுத்துக் கூடக் குறைச்சல் இல்லை.

அது என்ன டேபிள் என்று இந்த விண்ணப்பத்தில் அவன் எழுதவில்லை. ரத்தம் கொடுப்பவர்களின் பட்டியல் அது, ஊர்வாரியாக, பிரிவுவாரியாக, கைப்பேசி எண்ணோடு. பேக்கப் எடுக்கிற ஏற்பாடு மூன்று மாதமாக வேலை செய்யவில்லை என்பது அன்றைக்குத்தான் எல்லோருக்கும் தெரிந்தது. மூன்று மணி வாக்கில் ஆபீஸ் போன் அடித்தது, பக்கத்தில் இருந்ததால் இவள் எடுத்தாள். ஒரு ஆம்பிளைக் குரல், கத்தவில்லை, ரொம்ப மரியாதையாக, “ஏனுங்க, பி நெகட்டிவ் வேணுமுங்க, உங்க சைட்டுல ஒண்ணுமே வரமாட்டேங்குதுங்க” என்றது. சர்வர் வேலை செய்யலீங்க, கொஞ்ச நேரம் கழிச்சுக் கூப்பிடுங்க என்று வைத்துவிட்டாள். அவர் கூப்பிடவில்லை. வேறு எங்காவது கிடைத்திருக்கும், ஊரில் ஒரு பட்டியலா இருக்கிறது. கிடைத்திருக்கும். இன்றைக்கும் தெரியாத எண்ணிலிருந்து போன் வந்து எதிர்முனை ஏனுங்க என்று ஆரம்பித்தால் அவளுக்குக் காது மடல் குளிர்ந்துபோகும், கோயமுத்தூரில் இருந்துகொண்டு ஏனுங்க என்ற சொல்லுக்குப் பயப்படுகிறவள் இவள் ஒருத்திதான்.

பக்கத்தை மூடிவிடலாம் என்று கையை நகர்த்தியபோதுதான் மேல் மூலையில் அந்தப் புள்ளியைப் பார்த்தாள். சாம்பல் நிறத்தில் சின்னதாக ஒரு வட்டம். இந்தப் பக்கத்தை இந்த நேரத்தில் இன்னொருவரும் திறந்து வைத்திருக்கிறார் என்று அதற்கு அர்த்தம். முப்பதாம் எண்ணுக்குப் போய்ப் பார்த்தாள், புள்ளி இல்லை. முப்பத்திரண்டு, இல்லை. திரும்ப வந்தாள், இருந்தது. மாநாட்டு வேலைகளை இழுத்துப்போட்டுச் செய்கிற நவநீதனுக்கு வாட்ஸப்பில் கேட்டாள், 31ஐ யாரோ திறந்து வெச்சிருக்காங்க, மத்த ரெண்டு பேர்ல ஒருத்தரா என்று. “இல்லீங்க்கா. அவங்க ரெண்டு பேரும் நேத்தே மார்க் போட்டுட்டாங்க. எழுதுனவரா இருக்கும். அவங்கவங்க பக்கத்தை அவங்க திறந்து பாத்துக்கலாம். நீங்க யாருன்னு அவருக்குத் தெரியாது, புள்ளி மட்டும் தெரியும்” என்று பதில் வந்தது. எழுதியவர் யார் என்று கேட்டாள், கேட்கும்போதே வெட்கமாக இருந்தது. “அதை நான் சொல்லக் கூடாதேங்க்கா. நீங்க போட்ட ரூல்தானே” என்று எழுதி ஒரு சிரிப்பு முகத்தையும் வைத்திருந்தான்.

ஆக அந்தப் பக்கம் அவன் இருக்கிறான். இந்தப் பக்கம் இவள் இருக்கிறாள். இவளுடைய திரையில் அவன் ஒரு புள்ளி, அவனுடைய திரையில் இவள் ஒரு புள்ளி. மேல்வீட்டில் யாரோ எதையோ இழுத்தார்கள், பிறகு நிறுத்தினார்கள். ஆனால் மயில்சாமி செத்துப்போய்விட்டானே, என்ற நினைப்பு அப்போதுதான் வந்து முன்னால் நின்றது, இவ்வளவு நேரம் எங்கே ஒளிந்திருந்ததோ. மூன்று வருஷத்துக்கு முன்னால் பழனிக்குப் போகிற பஸ்ஸில், உடுமலை தாண்டியதும் ஒரு வளைவில், கண்ணீர் அஞ்சலி என்று ஃபிளெக்ஸ் கட்டியிருந்தார்கள், மயில்சாமி என்று பெயர், கழுத்து நீண்ட முகம், பஸ் போய்விட்டது. அந்தப் பக்கம் வீதிக்கு நாலு மயில்சாமி இருப்பான். அவன்தானா என்று யாரிடமாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், பழைய ஆபீஸ்காரர்கள் எண்கள் எல்லாம் கையில்தான் இருந்தன. கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்பதும் அவளுக்குத் தெரியும். ஃபிளெக்ஸைப் பார்த்ததும் நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கிற்று. ஒரு மனிதன் செத்துப்போனான் என்று நினைத்து அவளுக்கு நிம்மதியாக இருந்தது. அன்றைக்குப் பழனியில் நன்றாகச் சாமி கும்பிட்டாள், பஞ்சாமிர்தம் இரண்டு டப்பா வாங்கினாள். அந்த நிம்மதியை நினைத்தால் டேபிளை அழித்ததைவிட அதுதான் அசிங்கமாக இருந்தது. இப்போது எது நல்லது, அங்கே உட்கார்ந்திருப்பது உயிரோடு இருக்கிற மயில்சாமியா, இல்லை அந்த ஃபிளெக்ஸில் இருந்தவனா என்று கேட்டுக்கொண்டாள், பட்டப்பகலில், சோறு வெந்த வீட்டில், நாற்பது வயசுப் பொம்பளை கேட்கிற கேள்வியா இது. உயிரோடு இருப்பவன் என்றால் பேசுவான். செத்தவன் என்றால், அவனும் பேசுகிறேன் என்றுதானே எழுதிப் போட்டிருக்கிறான். நாற்காலி இன்னும் ஒரு விரல்கடை இறங்கியது.

இரண்டே முக்காலுக்குக் குமரவேல் கூப்பிட்டான். பின்னால் ஒரே நாதஸ்வரம். “சாப்பிட்டியா?” என்றான். சாப்பிட்டேன் என்றாள். “பாயசம் சூப்பருங்கறா உம்பொண்ணு. உனக்கு ஒரு தூக்குல வாங்கியாரட்டுமா? என்ன, குரலே ஒரு மாதிரி இருக்குது?” படிச்சுப் படிச்சுத் தலைவலி, வேறொண்ணுமில்லை என்றாள். குமரவேலுக்குத் தெரியாது. யாருக்குமே தெரியாது. ஒருத்தரிடம்கூடச் சொல்லாத விஷயம் கொஞ்ச நாளில் நடக்காத விஷயம் மாதிரி ஆகிவிடும் என்று அவள் நம்பியிருந்தாள், பாதி அப்படி ஆகியும்விட்டது. போனை வைத்துவிட்டுப் பார்த்தாள், புள்ளி அங்கேயேதான் இருந்தது. அவன் என்ன செய்துகொண்டிருப்பான், இவளை மாதிரியே உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பானோ, அல்லது திறந்து போட்டுவிட்டுத் தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சப் போயிருப்பானோ. குழுவில் யார் யார் என்று மாநாட்டுப் பக்கத்தில் படத்தோடு போட்டிருக்கிறார்கள், இவள் படம் மூன்றாவது. பார்த்துவிட்டுத்தான் எழுதியிருக்கிறான். ஆனால் ஒன்பது பேரில் இது இவளிடம்தான் வரும் என்று அவனுக்கு எப்படித் தெரியும், தெரியாது, தெரிய வழியே இல்லை, நவநீதனின் நிரல் சீட்டுக் குலுக்கிப் பிரித்துக் கொடுத்தது. குலுக்கலிலும் இவள் பெயர்தான் வந்திருக்கிறது.

ஒன்று போட்டால் தீர்ந்தது. ‘ஆதாரமில்லாத சொந்தக் கதை, பார்வையாளர்களுக்குப் பயனில்லை’ என்று ஒரு வரி எழுதினால் போதும், முப்பத்தொன்று குப்பைக்குப் போய்விடும், யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். இரண்டாம் தடவையாக அவனை அதே ஒரு விரலால் அழித்ததாக ஆகும், இந்தத் தடவை தெரிந்தே. ஐந்து போட்டால்? மேடை, முந்நூறு பேர், அவன் பெயரைச் சொல்லாமல் சொல்வான், கூட்டத்தில் இவளும் ஒரு துணிப்பையோடு உட்கார்ந்திருப்பாள், எல்லோரும் தட்டும்போது இவளும் தட்ட வேண்டும். ஐந்து என்பது தாராளம் மாதிரித் தெரிந்தாலும் அதுவும் ஒளிந்துகொள்கிற இடம்தான். மூன்று போடலாம், ரெண்டுங்கெட்டான். எழுதியவருக்கு அனுப்புகிற கருத்துப் பெட்டியில் ‘நாற்காலியைத் தாழ்த்தியது நான்’ என்று தட்டிப் பார்த்தாள். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அது அவனுக்கு ‘மதிப்பாளர் மூன்று’ சொன்னதாகத்தான் போகும், குழுவினர் பெயரை எழுதினால் நிரல் தானே வெட்டிவிடும், அதுவும் இவள் கேட்டு வாங்கிய வசதி. பெயர் இல்லாமல் ஒப்புக்கொள்வது இவளுக்குக் கைவந்த கலைதானே, இத்தனை வருஷமாகப் பல் தேய்க்கும்போதெல்லாம் அதைத்தானே செய்துகொண்டிருந்தாள். அழித்தாள். திரும்பத் தட்டினாள். அழித்தாள். வெயில் ஜன்னல் கம்பியைத் தாண்டித் தரைக்கு வந்திருந்தது, மணி மூன்றைத் தாண்டியதை அவள் கவனிக்கவில்லை, தாகமாக இருந்தது, எழுந்தால் புள்ளி போய்விடுமோ என்று எழவும் பயம், போகாதோ என்றும் பயம். அவள் அழுதாள், கொஞ்ச நேரம், சத்தமில்லாமல், முகத்தைத் துப்பட்டாவில் புதைத்துக்கொண்டு. அவனுக்குச் செய்ததை நினைத்து அழுகிறோமா, மாட்டிக்கொண்டோம் என்று அழுகிறோமா என்று அப்போதும் ஒரு குரல் உள்ளே கணக்குக் கேட்டது.

முகத்தை மூடியிருக்கும்போதே போன் அடித்தது. நவநீதன். “அக்கா, மணி மூணே முக்கால் ஆச்சுங்க. எல்லாம் முடிஞ்சுது, உங்களோடது முப்பத்தொண்ணு ஒண்ணுதான் பாக்கி. ஒருத்தர் அஞ்சு போட்டிருக்கார். இன்னொருத்தர் ரெண்டுதான், எழுதுனவர் சொல்றதுக்குச் சாட்சி இல்லைன்னு குறிப்பு எழுதிருக்கார். நீங்க போடறதை வெச்சுத்தான் முடிவு.” சாட்சி என்ற சொல் காதில் விழுந்தது. மேனேஜரின் குரலிலேயே விழுந்தது. பதினோரு வருஷத்துக்கு முன்னால் கேட்ட கேள்விக்கு இப்போது பதில் சொல்கிறோம் என்பது அவளுக்கே விநோதமாக இருந்தது. “சாட்சி இருக்குது நவநீதா” என்றாள். “அந்த ஆபீஸ்ல நானும் இருந்தேன். அந்த டேபிளை அழிச்சது நான்தான். அவர் சீட்ல உக்காந்து அழிச்சேன். அவருக்கு வேலை போச்சு, நான் வாயைத் திறக்கலை. எழுதுனவர் மயில்சாமிதானே?” சொல்லி முடித்தாள். இவ்வளவுதானா, எண்ணி ஐந்தாறு வாக்கியம். அந்தப் பக்கம் விசைப்பலகை தட்டுகிற சத்தம் கேட்டது.

“அக்கா” என்றான் நவநீதன், குரல் இறங்கிவிட்டது. “முப்பத்தொண்ணைக் காணோமுங்க. மூணு நாப்பத்தொண்ணுக்கு அவரே எடுத்துட்டார்.” துப்பட்டாவை முகத்திலிருந்து எடுத்துத் திரையைப் பார்த்தாள். முப்பதுக்குக் கீழே முப்பத்திரண்டு. புள்ளி இல்லை. பேசியது மூணே முக்காலுக்கு, எடுத்தது அதற்கு நாலு நிமிஷம் முன்னால். “காரணம் கேட்டு ஒரு பெட்டி வருமில்லீங்க, அதுல எழுதிருக்கார். படிக்கட்டுங்களா?” கேட்டுவிட்டு அவனே படித்தான். “முதல் இருவர் பத்துப் பத்து நிமிஷம் படித்தார்கள். மூன்றாமவர் இரண்டு மணி நேரமாக இந்தப் பக்கத்தை விட்டுப் போகவில்லை. யார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. இனி நான் மேடையில் பேசத் தேவையில்லை.” படித்துவிட்டு அவனே சொன்னான். “மயில்சாமிதாங்க்கா. நேத்துக்கூடப் பேசுனேன், நல்ல மனுஷன்.”

“நம்பரை அனுப்பு” என்றாள் கோகிலவாணி.

“ரூல் இருக்குதுங்க்கா… சரி, அதை விடுங்க. போன் பண்ணி என்னங்க்கா சொல்லப் போறீங்க? அவருக்குத்தான் தெரிஞ்சுபோச்சே.”

“அவருக்கு அன்னிக்கே தெரியும்” என்றாள். “நான் என் வாயால சொல்லி அவர் இன்னும் கேக்கலை. அனுப்பு.”